காந்தமும் கம்பிச்சுருளும்: ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரேட்டர் சுழல்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. ஒன்றில் அச்சு, பேரிங், பிரஷ் எல்லாம் உண்டு. மற்றதில் அசைகிற பாகம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டின் வயிற்றுக்குள்ளும் நடப்பது ஒரே சங்கதிதான். பாடப்புத்தகத்தில் இவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படித்து, சூத்திரங்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மின்காந்தத் தூண்டல் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு கம்பிச்சுருளுக்குள் புகுந்து செல்லும் காந்தப் பாயம் மாறினால், மாறுகிற நேரம் வரைக்கும் அந்தச் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். மாற்றம் நின்றால் மின்னழுத்தமும் நின்றுவிடும். அவ்வளவுதான்.

"பாயம்" என்ற சொல்தான் பலரை மிரட்டுகிறது. சாய்வாகப் பெய்யும் மழையில் ஒரு வெற்றுச் சன்னல் சட்டத்தைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் புகுந்து போகும் தண்ணீர் எவ்வளவு என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: மழை எவ்வளவு கனமாகப் பெய்கிறது, சட்டம் எவ்வளவு பெரியது, அதை எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறீர்கள். மழைக்குப் பதில் காந்தப்புலம், சட்டத்துக்குப் பதில் கம்பிச்சுருள் என்று மாற்றிக்கொண்டால் அதுதான் பாயம். இந்த மூன்றில் எதை மாற்றினாலும் பாயம் மாறும். ஜெனரேட்டர் கோணத்தை மாற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மழையின் கனத்தை மாற்றுகிறது. இரண்டுக்கும் இருக்கிற வேறுபாடு இவ்வளவே.

பலமான காந்தத்தைச் சுருளுக்குள் சும்மா வைத்திருந்தால் ஏன் மின்சாரம் வருவதில்லை?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. ஐரோப்பாவின் சிறந்த விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கும் மேல் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

1820-ல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் திசைகாட்டி முள் விலகுவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றால் காந்தமும் மின்சாரத்தை உண்டாக்க வேண்டுமே என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். ஜெனீவாவில் கொலடோன் என்பவர் 1825-ல் சரியான சோதனையையே செய்தார்: காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தார். ஆனால் அந்தக் காந்தம், சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனோமீட்டரின் முள்ளை நேரடியாகப் பாதித்துவிடக் கூடாதே என்று, மீட்டரை நீளமான கம்பியில் இணைத்துப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு அந்த அறைக்கு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் துள்ளி முடித்துப் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. ஒரு உதவியாளர் கூட இருந்திருந்தால் வரலாறு வேறு பெயரைச் சொல்லியிருக்கும்.

1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியோடும் மற்றதை மீட்டரோடும் இணைத்தார். பேட்டரியை இணைத்த கணத்தில் முள் துள்ளியது, பிறகு அடங்கிவிட்டது. பேட்டரியை எடுத்த கணத்தில் எதிர்ப்பக்கம் துள்ளியது. நடுவில் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒன்றுமே இல்லை. தேடியது கிடைக்காமல் போனதற்குக் காரணம் அப்போது விளங்கியது: எல்லோரும் நிலையான காந்தத்திலிருந்து நிலையான மின்சாரத்தை எதிர்பார்த்தார்கள். இயற்கை கேட்டது மாற்றத்தை.

அந்த வளையம் உண்மையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செப்புத் தகட்டைச் சுழற்றி அவர் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றது அதே ஆண்டு அக்டோபர் கடைசியில்தான். ஆக, ஜெனரேட்டரைவிட டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு மாதம் மூத்தது. அது உருப்படியான வேலைக்கு வர ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆனது என்பது தனிக்கதை. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் இதைத் தனியாகவே கண்டறிந்திருந்தார்; வெளியிடுவதில்தான் பிந்திவிட்டார்.

எத்தனை வோல்ட் கிடைக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பாயம் எவ்வளவு மாறியது என்பதை, மாற எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். பாயத்தின் அலகு வெபர். 200 சுற்றுள்ள சுருளில் பாயம் 0.1 வினாடியில் 0.005 வெபர் குறைகிறது என்றால் 10 வோல்ட். அதே மாற்றம் 0.01 வினாடியில் நடந்தால் 100 வோல்ட். காந்தமும் அதேதான், சுருளும் அதேதான். வேகம் மட்டும் பத்து மடங்கு.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி பிறப்பது இந்தச் சூட்சுமத்தால்தான். இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. இக்னிஷன் காயிலில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அறுத்துவிடுகிறார்கள். காந்தப்புலம் நொடிப்பொழுதில் சரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் உள்ள இரண்டாவது சுருளில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் எகிறி, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது.

அந்தச் சூத்திரத்தின் முன்னால் ஒரு கழித்தல் குறி போடுகிறார்களே, அது எதற்கு?

என்னைக் கேட்டால், முழுப் பாடத்திலும் முக்கியமான எழுத்து அந்தக் குறிதான். அதை வெறும் இலக்கணச் சுத்தம் போலக் கடந்துவிடுகிறோம்.

1834-ல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்னது இது: தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும். காந்தத்தின் வடமுனையைச் சுருளை நோக்கித் தள்ளினால், சுருளின் அந்தப் பக்கம் தானும் ஒரு வடமுனையாகி உங்கள் கையைத் தள்ளும். வெளியே இழுத்தால் தென்முனையாகிப் பிடித்து இழுக்கும். வந்தாலும் எதிர்ப்பு, போனாலும் எதிர்ப்பு. செம்புக் குழாய்க்குள் ஒரு நியோடிமியம் காந்தத்தைப் போட்டால், செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை என்றாலும், அது தேனுக்குள் இறங்குவதுபோல மெதுவாக விழும். குழாயின் சுவரில் பிறக்கும் மின்னோட்டங்கள் அதைத் தாங்கித் தாங்கி விடுகின்றன.

இந்தக் குறி எதிர்மாறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காந்தத்தை லேசாகத் தள்ளினாலே சுருள் அதை மேலும் உள்ளே இழுக்கும், வேகம் கூடும், மின்சாரம் கூடும், இன்னும் இழுக்கும். செலவே இல்லாமல் ஆற்றல் ஊற்றெடுக்கும். அப்படி நடப்பதில்லை. மின்சாரம் எடுக்க வேண்டுமானால் எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். அந்தத் தள்ளலுக்குச் செலவாகும் வேலைதான் மறுமுனையில் மின்னாற்றலாக வருகிறது.

கையால் சுழற்றும் ஜெனரேட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். எதையும் இணைக்காமல் சுழற்றினால் கைப்பிடி லேசாகச் சுற்றும். 10 வாட் பல்பை இணைத்தால் கொஞ்சம் கனக்கும். சாதாரண மனிதர் ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 100 வாட்டுக்குள்தான் என்பதால், ஒரு கெட்டிலை இணைத்தால் கைப்பிடி கிட்டத்தட்டப் பூட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும். பெரிய மின் நிலையத்திலும் இதே கதை. எங்கோ ஒருவர் ஸ்விட்சைப் போட்டால், அந்தக் கணமே ஜெனரேட்டரின் அச்சில் எதிர்ப்பு ஒரு துளி கூடுகிறது; டர்பைனுக்கு ஒரு துளி கூடுதலாக நீராவியோ தண்ணீரோ திறந்துவிட வேண்டியிருக்கிறது.

ஜெனரேட்டர் எலெக்ட்ரான்களை உற்பத்தி செய்கிறதா?

இல்லை. எலெக்ட்ரான்கள் கம்பியில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. ஜெனரேட்டர் அவற்றைத் தள்ளுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரைப் படைப்பதில்லை, நகர்த்துகிறது, அதுபோலத்தான்.

படத்தில் காந்தத்துக்கு நடுவே சுருள் சுற்றுகிறது. உண்மையான ஜெனரேட்டரிலும் அப்படித்தானா?

பெரிய ஜெனரேட்டர்களில் நேர் எதிர். காந்தம் நடுவில் சுற்றுகிறது. மின்சாரம் பிறக்கும் சுருள்கள் சுற்றிலும் உள்ள அசையாத கூட்டுக்குள் பதிந்திருக்கின்றன. எது அசைந்தாலும் பாயம் மாறினால் போதும் என்பதால், கொள்கை அளவில் இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மின் நிலைய ஜெனரேட்டரில் பிறப்பது பொதுவாக 11,000 முதல் 25,000 வோல்ட். மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சுற்றிக்கொண்டிருக்கும் சுருளிலிருந்து இவ்வளவையும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே எடுப்பது என்பது தீபாவளிக் கொளுத்தல்தான். அசையாத சுருளிலிருந்து என்றால் நேராக ஒரு கனத்த செப்புப் பட்டையை முடுக்கி வெளியே கொண்டுவந்துவிடலாம். நடுவில் சுற்றும் காந்தத்துக்குக் கொடுக்க வேண்டியது ஒப்பீட்டளவில் கொஞ்சம் மின்சாரம்தான். அதை நழுவு வளையங்கள் (அச்சோடு சுற்றும், பிரஷ் உரசும் வளையங்கள்) மூலம் சமாளிக்கலாம், அல்லது அதே அச்சில் ஒரு சின்ன ஜெனரேட்டரைப் பொருத்தி பிரஷ் இல்லாமலே கொடுக்கலாம்.

"காந்தத்துக்கு மின்சாரம் எதற்கு?" என்று உடனே கேட்பார்கள். பெரிய இயந்திரங்களில் இருப்பது பெரும்பாலும் மின்காந்தம். அதன் பலத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் மின்னழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கிறார்கள். நிலைக்காந்தம் வைத்தால் அந்தத் திருகு கையில் இருக்காது.

அப்படியானால் முதல் துளி மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இரும்பில் ஏற்கெனவே மிச்சமிருக்கும் காந்தத்தன்மையிலிருந்து. சுழல ஆரம்பித்ததும் அந்த மிச்சம் துளி மின்சாரம் தரும். அதை மின்காந்தத்துக்கே திருப்பிக் கொடுத்தால் அது கொஞ்சம் பலப்படும். அது இன்னும் கொஞ்சம் மின்சாரம் தரும். இரும்பு தெவிட்டும்வரை, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலை வரும்வரை, இப்படி ஏறிக்கொண்டே போகும். இந்த யோசனை 1866, 1867 ஆண்டுகளில் சீமென்ஸ், வீட்ஸ்டன், வார்லி என்ற மூவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் உதித்தது. வெகுநாள் சும்மா கிடந்த ஜெனரேட்டர் ஓடுகிறது, ஆனால் கரண்ட் வரவில்லை என்றால், மெக்கானிக் ஒரு பேட்டரியை ஃபீல்டு சுருளில் (அந்த மின்காந்தத்தின் சுருளில்) ஒரு நொடி தொட்டு எடுப்பதைப் பார்த்திருக்கலாம். தொலைந்துபோன அந்த மிச்சத்தை அவர் திருப்பி ஊட்டுகிறார்.

ஏன் மாறுதிசை மின்சாரம் வருகிறது? 50 ஹெர்ட்ஸ் என்ற எண் எங்கிருந்து வந்தது?

காந்தம் அரைச்சுற்று சுற்றும்போது சுருளுக்குள் பாயம் ஒரு பக்கமாகப் பெருகுகிறது, அடுத்த அரைச்சுற்றில் மறுபக்கமாகத் திரும்புகிறது. பாயம் ஏறி இறங்குவதால் மின்னழுத்தமும் திசை மாறி மாறி வருகிறது. இதில் நன்றாகப் படிப்பவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாயம் உச்சத்தில் இருக்கும்போது மின்னழுத்தமும் உச்சம் என்று நினைப்பார்கள். அப்போது மின்னழுத்தம் பூஜ்யம். ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நின்றுதானே திரும்புகிறது? உயரம் அதிகம், வேகம் இல்லை. கீழே வரும்போது உயரம் இல்லை, வேகம் அதிகம். பாயத்தை உயரமாகவும் மின்னழுத்தத்தை வேகமாகவும் வைத்துப் பாருங்கள், குழப்பம் தீரும்.

வினாடிக்கு எத்தனை முறை இந்த ஆட்டம் நடக்கிறது (அதைச் சொல்லும் அலகுதான் ஹெர்ட்ஸ்) என்பது சுழலும் வேகத்தையும் முனைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. இரண்டு முனைகள் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். நீராவி டர்பைன்களுக்கு இது தோது. நான்கு முனைகள் என்றால் 1,500 போதும். டீசல் ஜெனரேட்டர்களில் இதைப் பார்க்கலாம். நீர்மின் நிலைய டர்பைன்கள் நிதானமாகச் சுற்றுபவை. நிமிடத்துக்கு 150 சுற்று என்றால் காந்த முனைகள் 40 வேண்டும். அதனால்தான் அவை குட்டையாகவும் அகலமாகவும் இருக்கின்றன.

டைனமோ நேர்மின்சாரம்தானே தந்தது?

உள்ளே பிறப்பது அதிலும் மாறுதிசைதான். அச்சில் இருக்கும் பிளவுபட்ட வளையம், ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இணைப்பை மாற்றிப் போட்டு, வெளியே போவதை மட்டும் ஒரே திசையாக்குகிறது. ஃபாரடே கண்டறிந்த மறு ஆண்டே, 1832-ல், பிரான்சில் பிக்ஸி என்பவர் கையால் சுற்றும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். திசைமாற்றி எனப்படும் அந்தப் பிளவுபட்ட வளையமும் விரைவில் சேர்ந்தது. இன்று கார்களில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இந்த வேலையைச் செய்கின்றன. சைக்கிள் "டைனமோ" பெயருக்குத்தான் டைனமோ. பெரும்பாலும் அது காந்தம் சுற்றும் மாறுதிசை ஜெனரேட்டர்.

"கம்பி காந்தக் கோடுகளை வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது" என்று படித்தோம். டிரான்ஸ்ஃபார்மரில் எது எதை வெட்டுகிறது?

எதுவும் எதையும் வெட்டுவதில்லை. "வெட்டுதல்" என்ற படம் ஜெனரேட்டருக்கு உதவும். டிரான்ஸ்ஃபார்மரில் அது கைவிட்டுவிடும். சின்ன வயதில் மனதில் ஏறிய அந்தப் படம் இறங்க மறுப்பதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் பலருக்கு மாயமாகவே தெரிகிறது.

கம்பி காந்தப்புலத்துக்குள் நகர்ந்தால், கம்பியோடு சேர்ந்து நகரும் எலெக்ட்ரான்களைக் காந்தவிசை பக்கவாட்டில் தள்ளுகிறது. இது ஒரு வழி. டிரான்ஸ்ஃபார்மரிலோ கம்பியும் அசையவில்லை, இரும்பும் அசையவில்லை. அங்கே மாறும் காந்தப்புலம் தன்னைச் சுற்றிலும் வளையமாக ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது. அந்த மின்புலம் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களைத் தள்ளுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப்புலம் கிட்டத்தட்ட முழுவதும், சுருள்கள் சுற்றப்பட்ட இரும்பு உள்ளகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே சுற்றியிருக்கும் செப்புக்கம்பியை அது தொடுவதே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் கம்பியில் மின்னழுத்தம் வருகிறது. ஏனென்றால் கணக்கில் வருவது கம்பி இருக்கும் இடத்துப் புலம் அல்ல, கம்பி வளைத்துப் பிடித்திருக்கும் பரப்புக்குள் நிகழும் மாற்றம்.

இரண்டு வெவ்வேறு வழிகள், ஒரே சூத்திரம், ஒரே விடை. இது தற்செயலா? காந்தம் அசைந்தால் ஒரு விளக்கம், சுருள் அசைந்தால் வேறொரு விளக்கம், ஆனால் மீட்டர் காட்டுவது மட்டும் ஒன்றே. இந்த முரண் உறுத்தலைத் தொடக்கமாக வைத்துத்தான் 1905-ல் ஐன்ஸ்டைன் தன் சிறப்புச் சார்பியல் கட்டுரையை எழுதினார்.

டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை எப்படிக் கூட்டுகிறது, குறைக்கிறது?

ஒரே இரும்பு உள்ளகத்தில் இரண்டு சுருள்கள். மின்சாரம் உள்ளே போவது முதன்மைச் சுருள். வெளியே எடுப்பது துணைச் சுருள். மாறுதிசை மின்சாரம் முதன்மைச் சுருளில் பாய்ந்து இரும்பில் ஏறி இறங்கும் பாயத்தை உண்டாக்குகிறது. அந்தப் பாயம் இரண்டு சுருள்களுக்கும் பொது. ஆகவே எந்தச் சுருளானாலும் ஒரு சுற்றில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஒன்றே.

காயில் கட்டுபவர்கள் இதை "ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று" என்று பார்ப்பார்கள். உள்ளகத்தின் குறுக்குப் பரப்பு சுமார் 9 சதுர சென்டிமீட்டர் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு, 50 ஹெர்ட்ஸில், வோல்ட்டுக்கு 4 சுற்று என்று கணக்கு வரும். 230 வோல்ட் பக்கம் 920 சுற்று. 12 வோல்ட் வேண்டுமானால் 48 சுற்று. லோடு ஏறும்போது கம்பியில் கொஞ்சம் வீணாகும் என்பதால் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகப் போடுவார்கள். சூத்திரமாகப் படிக்கும் விகிதத்தைவிட இந்தக் கணக்கு மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

மின்னழுத்தம் கூடினால் மின்சக்தியும் கூடுகிறதா?

கூடாது. வோல்ட் பத்து மடங்கு ஏறினால் ஆம்பியர் பத்தில் ஒன்றாக இறங்கும். இரண்டின் பெருக்கல் மாறாது. இழப்பு போகக் கொஞ்சம் குறையவே செய்யும். ஆனால் அந்த இழப்பு மிகச் சிறியது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் திறன் 99 சதவீதத்துக்கும் மேல்.

துணைச் சுருளில் எதுவும் இணைக்காதபோது முதன்மைச் சுருள் ஷார்ட் ஆகி எரிந்துவிட வேண்டாமா? அது வெறும் செப்புக்கம்பிதானே?

அருமையான கேள்வி. மீட்டரில் அளந்தால் அந்தச் சுருளின் தடை 10 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் கொடுத்தால் ஓம் விதிப்படி 23 ஆம்பியர் ஓட வேண்டும். உண்மையில் ஓடுவது அதில் மிகமிகச் சிறு பங்கு.

காரணம், பாயம் துணைச் சுருளுக்குள் மட்டும் மாறவில்லை. தன்னை உண்டாக்கிய முதன்மைச் சுருளுக்குள்ளும் மாறுகிறது. அங்கேயும் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. லென்ஸின் கழித்தல் குறிப்படி அது உள்ளே வரும் 230 வோல்ட்டை எதிர்க்கிறது, கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாக. இரண்டு பேர் எதிரெதிரே கதவைத் தள்ளுவதுபோல நிலைமை நிற்கிறது. மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தால் இரும்பைக் காந்தமாக்கத் தேவையான மின்னோட்டம் மட்டும் ஓடுகிறது.

இப்போது துணைச் சுருளில் ஒரு விளக்கை இணைக்கிறீர்கள். அதில் மின்னோட்டம் ஓடுகிறது. அந்த மின்னோட்டம் பாயத்தைக் குறைக்கப் பார்க்கிறது. பாயம் துளி குறைந்தால் முதன்மைச் சுருளின் எதிர்ப்பும் துளி தளரும். உடனே கூடுதல் மின்னோட்டம் உள்ளே நுழைந்து பாயத்தைப் பழைய அளவுக்குத் தூக்கி நிறுத்துகிறது. இரண்டு சுருள்களுக்கும் இடையே ஒரு கம்பிகூட இணைப்பு இல்லை. ஆனாலும் இந்தப் பக்கம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்துக்கு உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. ஜெனரேட்டரின் கைப்பிடி கனத்த அதே சங்கதிதான் இங்கே வேறு வேடத்தில் வருகிறது.

பேட்டரியை டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால்?

ஒரு கணம் துணைப்பக்கம் துள்ளல் வரும், ஃபாரடேயின் முள்ளைப் போல. அப்புறம் ஒன்றும் வராது. மாற்றம் இல்லாததால் எதிர்மின்னழுத்தமும் இல்லை. மேலே சொன்ன 10 ஓம் மட்டுமே தடுக்க இருக்கிறது. சின்ன பேட்டரி என்றால் அது சூடாகித் தீர்ந்துபோகும். 230 வோல்ட் நேர்மின்சாரத்தைக் கொடுத்தால் 5,000 வாட்டுக்கும் மேல் வெப்பம் ஒரு கைப்பிடி அளவு செம்பில் இறங்கி, வைண்டிங் கருகும்.

உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாகச் செய்யாமல் தகடு தகடாக ஏன் அடுக்குகிறார்கள்?

மாறும் பாயத்துக்குச் செப்புக்கம்பி, இரும்பு என்ற பேதம் கிடையாது. மின்சாரத்தைக் கடத்தும் எதைக் கண்டாலும் அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். கட்டி இரும்பாக இருந்தால், அது ஒரே சுற்றுள்ள ஷார்ட் ஆன துணைச் சுருள் மாதிரி. நீர்ச்சுழி போல உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும் இந்தச் சுழல் மின்னோட்டங்கள் இரும்பைக் கொதிக்கவைத்துவிடும்.

பாயத்தை விட்டுவிட்டு இந்தச் சுழிகளை மட்டும் அறுக்க வேண்டும். அதனால் இரும்பை மெல்லிய தகடுகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் மின்காப்புப் பூச்சு பூசி அடுக்குகிறார்கள். சுழல் மின்னோட்ட இழப்பு தகட்டுத் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசி ஆகிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் 0.23 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள தகடுகளைக் காணலாம். இரும்போடு சுமார் 3 சதவீதம் சிலிக்கான் கலந்திருப்பார்கள். அது இரும்பின் மின்தடையைக் கூட்டுகிறது. இதே சுழிகளை வேண்டுமென்றே பாத்திரத்தின் அடியில் உண்டாக்கினால் அது இண்டக்ஷன் அடுப்பு.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் "ம்ம்ம்" என்று முனகுகிறது?

காந்தமாகும்போது இரும்பின் நீளம் நுண்ணிய அளவில் மாறும். வடக்காகக் காந்தமானாலும் தெற்காகக் காந்தமானாலும் மாற்றம் ஒரே மாதிரி என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை நீண்டு சுருங்குகிறது. நீங்கள் கேட்பது 100 ஹெர்ட்ஸ் ஒலி. சீரான முனகல் இயல்பானது. திடீரென்று படபடப்பாகவோ வெடிப்பொலியாகவோ மாறினால் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவானேன்?

தொலைவுக்காக. 10,000 வாட் சக்தியை 1 ஓம் தடையுள்ள கம்பி வழியாக அனுப்ப வேண்டும். 250 வோல்ட்டில் அனுப்பினால் 40 ஆம்பியர் ஓடும். கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இழப்பு 1,600 வாட். அதையே 10,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது 1 ஆம்பியர், வீணாவது 1 வாட். கம்பியை மாற்றவில்லை, தூண்களை மாற்றவில்லை.

1885-ல் புடாபெஸ்ட்டில் சிப்பெர்னோவ்ஸ்கி, பிளாதி, தேரி என்ற மூன்று பொறியாளர்களும் மூடிய உள்ளகமுள்ள டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்கிய பிறகு இது கைகூடியது. 1891-ல் ஜெர்மனியில் லாஃபென் ஊரின் நீர்மின்சாரத்தை 15,000 வோல்ட்டுக்கு ஏற்றி, 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்ஃபர்ட்டில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுவந்து விளக்கேற்றிக் காட்டினார்கள். அனுப்பியதில் முக்கால் பங்கு வந்து சேர்ந்தது. நேர்மின்சாரமா மாறுதிசையா என்ற அந்தக் காலத்துச் சண்டை அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

ஃபோன் சார்ஜருக்குள்ளும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதாமே? அது எப்படி அவ்வளவு சின்னதாக இருக்கிறது?

வேகத்தால். வினாடிக்கு 50 முறைக்குப் பதில் 1,00,000 முறை பாயம் மாறினால், அதே வோல்ட்டைப் பெற மிகக் குறைந்த பாயம் போதும். இரும்பும் செம்பும் அதற்கேற்பச் சுருங்கும். சார்ஜர் முதலில் மாறுதிசையை நேர்மின்சாரமாக்கி, அதை டிரான்சிஸ்டரால் வெகுவேகமாக வெட்டி வெட்டி, ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. அந்த வேகத்துக்கு இரும்புத் தகடு தாங்காது. ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற பொருளைப் பயன்படுத்துவார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்கென்று இறுக்கமாகக் கணக்குப் பார்த்துச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை, அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் போட்டால் பாயம் 20 சதவீதம் கூட வேண்டியிருக்கும். இரும்பு தெவிட்டி, மின்னோட்டம் எகிறி, சூடாகும்.

மோட்டாரால் ஜெனரேட்டரைச் சுழற்றி, அதில் வரும் மின்சாரத்தை மோட்டாருக்கே கொடுத்தால் ஓடிக்கொண்டே இருக்காதா? வீடியோவில் பார்த்தேன்.

வீடியோவில் எங்கோ ஒரு பேட்டரி ஒளிந்திருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து ஒரு வாட் எடுத்தால் அதன் அச்சு குறைந்தது ஒரு வாட் கேட்கும். மோட்டாரோ தான் வாங்கியதில் கொஞ்சத்தைச் சூடாக்கிவிட்டு மீதியைத்தான் தரும். சில சுற்றுகளில் நின்றுவிடும்.

ஆபத்து இல்லாமல் வீட்டில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும், வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகாத வரை. விரல் நுழையும் அளவு பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய இனாமல் கம்பியை (மின்காப்புப் பூச்சு பூசிய செப்புக்கம்பியை) 1,000 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுங்கள். முனைகளில் ஒரு சிவப்பு எல்.இ.டி. உள்ளே ஒரு நியோடிமியம் காந்தத்தை விட்டு, இரு பக்கமும் மூடி, வேகமாகக் குலுக்குங்கள். மினுக்கும். அந்த எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும் என்பதால் நூறு இருநூறு சுற்றெல்லாம் போதாது. முதல் தடவை எரியாமல் போனால், சந்தேகப்பட வேண்டியது இயற்பியலை அல்ல, கம்பி முனையில் சுரண்டாமல் விட்ட இனாமலை.

இதைவிட எளிதானது ஒன்று. பழைய பொம்மைக் காரிலிருந்து சின்ன மோட்டாரைக் கழற்றி, அச்சில் ஒரு சக்கரத்தைப் பொருத்தி விரலால் சுண்டிவிடுங்கள். நன்றாகச் சுற்றும். இப்போது அதன் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். சக்கரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கம்பிகளைப் பிரித்தால் திரும்பவும் லேசாகச் சுற்றும்.